பழைய நூலும் புதிய நோயும்

நூல் ஒன்று கூறுகிறது. கண் வேறொன்று காண்கிறது. இவ்விரண்டும் முரணும்பொழுது கற்றவன் எதன் பக்கம் நிற்றல் வேண்டும்? நூலின் பக்கம் நின்றால் கண்டதை மறைக்க நேரும். கண்ணின் பக்கம் நின்றால் முன்னோரை இகழ்ந்தவன் என்னும் பழி வந்து சேரும். இலக்கணம் பயிற்றும் ஆசிரியனுக்கு இம்முரண் வகுப்பறை வாதத்தோடு முடிந்துவிடும். மருத்துவனுக்கு அவ்வாறு முடிவதில்லை. அவன் தவறான பக்கம் நின்றால் ஓர் உயிர் போகும். கொள்ளைநோய்க் காலமாயின் ஓர் ஊரே போகும்.

2021-ஆம் ஆண்டில், மாணவர்க்கும் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கிய நாளில், பெற்றோர் ஒருவர் பழைய சித்த மருத்துவ நூல் ஒன்றைக் கையில் ஏந்தி என் அலுவலகத்திற்கு வந்தார். “ஐயா, எல்லாம் இதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்களே, பிள்ளைக்கு ஊசி எதற்கு?” என்று கேட்டார். “அரசாங்கம் போடச் சொல்கிறது, போட்டுவிடுங்கள்” என்று மட்டுமே அன்று விடையிறுத்தேன். அவர் மனநிறைவின்றித் திரும்பிச் சென்றார். கேள்வி நல்ல கேள்வி. விடைதான் ஆசிரியனுக்கு ஏற்ற விடையாக அமையவில்லை. அக்குறை நெடுநாள் என் நெஞ்சில் கிடந்தது. அதனைத் தீர்த்துக்கொள்ளும் வழி ஒரு சீன நூலின் வாயிலாகக் கிடைத்தது. அந்நூலைப் பற்றியதே இக்கட்டுரை.

நூலின் பெயர் ‘வென் யீ லுன்’. ‘வெப்பக் கொள்ளைநோய் ஆய்வுரை’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். எழுதியவர் வூ யூசிங். சூசோ நகரை அடுத்த தாய் ஏரிப் பகுதியைச் சேர்ந்தவர். நூல் எழுந்த ஆண்டு 1642. மிங் பேரரசு வீழ்வதற்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன. சீன மொழி அறியாத யான் ஆங்கில வழியாகவே இதன் கருத்துகளைக் கற்றேன். ஆகவே சொல்நயம் பேசப் புகாமல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்நூலைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்கி வருகின்றன. நோய்க்கிருமிகளைப் பாஸ்டருக்கு இருநூறு ஆண்டு முன்னரே இவர் கண்டறிந்துவிட்டார் என்பது ஒன்று. பழைய சீன மருத்துவம் முழுதும் வெறுங் கற்பனை. இந்நூலும் அத்தகையதே என்பது மற்றொன்று. இரண்டும் நூலைப் பொறுமையுடன் படியாதார் கூற்று என்பது என் துணிபு.

முன்னோர் வகுத்த வழி

வூ யூசிங் எதனை மறுத்தார் என்பதை அறிய வேண்டுமாயின், அவருக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் முற்பட்ட நூல் ஒன்றை அறிதல் வேண்டும். பிற்கால ஹான் அரசின் இறுதியில் வாழ்ந்த சாங் சோங்சிங் என்னும் மருத்துவர் இயற்றிய ‘ஷாங் ஹான் லுன்’ அது. ‘குளிர்தாக்கு நோய் பற்றிய ஆய்வுரை’ என்பது அப்பெயரின் பொருள். அதுவும் ஒரு கொள்ளைநோயின் நடுவே பிறந்த நூல்தான். தம் சுற்றத்தார் இருநூறு பேருக்கு மேல் இருந்தனர் என்றும், கி.பி. 196-இல் தொடங்கிய ஆட்சியாண்டுகளில் பத்தாண்டு கழிவதற்குள் அவருள் மூன்றில் இரு பங்கினர் இறந்துபட்டனர் என்றும், இறந்தாருள் பத்தில் எழுவர் இந்நோயால் மாண்டனர் என்றும் அதன் முன்னுரை கூறுகிறது.

அந்நூலின் பெருமை யாது? நோய் வந்தால் பேயை ஓட்டப் பூசை செய்த காலத்தில், அது நோயாளியின் நாடியையும் வியர்வையையும் தாகத்தையும் பார்க்கச் சொன்னது. வெளியிலிருந்து தாக்கும் குளிர், உடலின் மேற்புறத்தில் தொடங்கி ஆறு படிகளாக உள்ளே செல்கிறது என்று வகுத்தது. எந்தப் படியில் நோய் நிற்கிறதோ அதற்கேற்ற மருந்தைக் கூறியது. மேற்புறத்தில் நின்றால் இலவங்கக் குச்சியும் இஞ்சியும் கலந்த கியாழம் கொடுத்து வியர்க்கச் செய்வர்; உள்ளே சென்றுவிட்டால் வேறு மருந்து. ஒழுங்கும் தெளிவும் உடைய முறை இது. 1065-இல் சோங் அரசே அறிஞரைக் கொண்டு அந்நூலைத் திருத்தி அச்சிட்டது. அதன்பின் அதன் செல்வாக்கு ஓங்கி வளர்ந்தது. நம் இலக்கண ஆசிரியர் ஐயம் வந்துழித் தொல்காப்பியத்தை நாடுவதுபோல், சீன மருத்துவர் காய்ச்சல் கண்டுழி அந்நூலை நாடினர்.

கொள்ளைநோய் ஏன் வருகிறது என்னும் கேள்விக்கும் இம்மரபில் ஒரு விடை இருந்தது. பருவம் பிறழ்வதால் வருகிறது என்பதே அவ்விடை. வேனிலில் குளிரும் கூதிரில் வெப்பமும் தோன்றினால் மக்கள் ஒருங்கே நோயுறுவர் என்றனர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் விடை. ஆயிரம் ஆண்டு கேள்வியின்றி நின்ற விடை.

1641-இல் நிகழ்ந்தது

1641-ஆம் ஆண்டில் ஷாண்டோங், செசியாங் ஆகிய மாநிலங்களிலும் இரு தலைநகரங்களைச் சூழ்ந்த பகுதிகளிலும் பெருங்கொள்ளைநோய் பரவிற்று. மருத்துவர் பழைய நூலைத் திறந்தனர், குளிர்தாக்கு நோய்க்குரிய மருந்தைக் கொடுத்தனர், நோயாளர் பிழைக்கவில்லை. வூ யூசிங் தம் முன்னுரையில் இதனை வரிசைப்படுத்திக் காட்டுகிறார். ஏழு நாளில் தானே தீரும், இல்லையேல் பதினான்கு நாளில் தீரும் என்னும் பழங்கணக்கை நம்பி மருந்தின்றிக் காத்திருந்து, கெடு முடியுமுன்பே இறந்தவர் உளர். கடுமருந்தை முறைமாறிக் கொடுத்ததால் இறந்தவர் உளர். மருத்துவன் அஞ்சி மென்மருந்து கொடுத்துக் காலம் கடத்தியதால் இறந்தவரும் உளர். நோயால் இறந்தவரோடு மருத்துவத்தால் இறந்தவரையும் அவர் எண்ணுகிறார். தம் தொழிலார் செய்த பிழையைத் தாமே எடுத்துரைக்கும் இத்துணிவு எக்காலத்தும் அரிது.

பிழைக்குக் காரணம் மருத்துவரின் சோம்பல் அன்று என்கிறார் அவர். அவர்கள் நூலை நன்றாகவே படித்திருந்தனர். இந்நோய் அந்நூலில் இல்லை. இல்லாத நோயை இருக்கும் நோயின் பெயரால் அழைத்ததே பிழை. பழைய நூலைக் குறை கூறாமலே, அதற்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டிவிடுகிறார். இந்நூலின் உயிர்நிலை இதுவே என்பேன்.

நூலின் வாதம்

இனி, பழைய விடைக்கு மாற்றாக அவர் கூறுவது யாது? அவர் வாதம் படிப்படியாகச் செல்கிறது.

முதலாவது: குளிரும் வெப்பமும் ஆண்டுதோறும் வருவன, முன்பின்னாக வருதலும் உண்டு. கொள்ளைநோயோ ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே பருவம் காரணமாகாது.

இரண்டாவது: பருவம் காரணம் அன்று எனின், வேறு பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். அதனை அவர் ‘லி சி’ என்கிறார். ‘சி’ என்னும் சீனச் சொல் மூச்சு, காற்று, ஆவி, ஆற்றல் எனப் பல பொருள் தரும். நாம் இங்குக் ‘கொடுவளி’ என வழங்குவோம். இக்கொடுவளி ஒன்றன்று; பல வகைப்படும். ஓராண்டில் ஓரூரார் பலர்க்கும் முகம் வீங்குகிறது. மற்றோராண்டில் பலர்க்கும் தொண்டை அடைக்கிறது. பிறிதோராண்டில் கட்டிகள் எழுகின்றன. ஓர் ஊரில் பரவும்பொழுது எல்லார்க்கும் ஒரே குறி தோன்றுவதால், ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கொடுவளி உண்டு என்பது அவர் முடிபு.

மூன்றாவது: மாடு நோயுறும்பொழுது ஆடு நோயுறாமல் இருக்கிறது, கோழி நோயுறும்பொழுது வாத்து நோயுறாமல் இருக்கிறது, மனிதர் நோயுறும்பொழுது விலங்கும் பறவையும் நலமாக இருக்கின்றன. ஒரே வானத்தின்கீழ், ஒரே குளிரில் நிற்கும் உயிர்களிடையே இவ்வேறுபாடு ஏன்? தாக்கும் பொருள் வேறாதலால் தாக்கப்படும் உயிரும் வேறாகிறது என்கிறார். உழவன் அறிந்த செய்தியைக் கொண்டு மருத்துவ நூலை மறுத்தது பாராட்டற்குரியது. நூல் முழுவதிலும் இதனினும் வலிய சான்று வேறில்லை.

நான்காவது: கொடுவளி தோல் வழியாகப் புகுவதில்லை, மூக்கும் வாயும் அதன் வாயில்கள். காற்றிலிருந்து நேரே பெறுதலும் உண்டு. நோயாளியிடமிருந்து தொற்றுதலும் உண்டு. பெறும் வழி வேறாயினும் வரும் நோய் ஒன்றே.

ஐந்தாவது: ஒரு கொடுவளிக்கு அதனை அடக்கும் ஒரு பொருள் இவ்வுலகில் இருத்தல் வேண்டும், அதனை அறிந்துவிட்டால் ஒரு நோய்க்கு ஒரு மருந்தே போதும், பல சரக்குகளைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை என்று ஏங்குகிறார்.

மருந்தில் காணும் குறை

இத்துணை தெளிவாக எண்ணியவர் கொடுத்த மருந்து யாது? ‘தா யுவான் யின்’ என்னும் கியாழம். அதில் ஏழு சரக்குகள். தலைமைச் சரக்கு நம் தாம்பூலத் தட்டில் இருக்கும் பாக்கு. பாக்கிற்குச் சீனர் வழங்கும் ‘பின்லாங்’ என்னும் பெயர் மலாய்மொழியின் ‘பினாங்’ என்பதிலிருந்து வந்தது என்பர். அதிமதுரமும் அவ்வேழனுள் ஒன்று. நோய் முற்றியபொழுது சீன ரேவற்சின்னிக் கிழங்கு கொடுத்துப் பேதியாக்குவதிலும் அவர் தயங்கவில்லை.

இங்கேதான் திறனாய்வாளன் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கொடுவளி என்பது கொள்கை. அதற்கேற்ப ஒவ்வொரு நோய்க்கும் தனி மருந்து தேட வேண்டாவா? அவரோ ஒரு கியாழத்தையே முதன்மையாக வைத்து, குறிக்கேற்பச் சில சரக்குகளைச் சேர்த்துக் கொடுக்கிறார். கொள்கை புதியது; மருந்து கூட்டும் முறை பழையது. கொடுவளி உடலின் புறத்துக்கும் அகத்துக்கும் இடையே உள்ள ஒரு சவ்விடத்தில் தங்குகிறது என்றும், பாக்கும் பிறவும் அதனை அங்கிருந்து கலைக்கும் என்றும் கூறுகிறார். மாட்டையும் ஆட்டையும் கண்ணாற் கண்டு வாதிட்டவர், இச்சவ்விடத்தை எவ்வாறு கண்டார்? கண்டதாக நூலில் இல்லை; ஊகித்தே உரைக்கிறார்.

இன்னொரு குறையும் உண்டு. இக்கியாழம் குடித்தோருள் எத்தனை பேர் பிழைத்தனர், குடியாதோருள் எத்தனை பேர் பிழைத்தனர் என எண்ணி ஒப்பிடும் முறை நூலில் இல்லை. அக்காலத்து ஐரோப்பிய மருத்துவரிடத்தும் அம்முறை வேரூன்றவில்லை; ஆதலின் இதனை அவர் ஒருவர்மேற் குற்றமாக ஏற்றுதல் முறையாகாது. ஆயினும் குறை குறையே. பழைய மருந்து தோற்றது என்பதற்குச் சான்று காட்டியவர், புதிய மருந்து வென்றது என்பதற்கு அதே அளவு சான்று காட்டவில்லை.

அம்மை கற்பித்த பாடம்

இதற்கு நேர்மாறான ஒன்று அதே நாட்டில், அதே காலத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே சீனர் பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்தும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தனர். நோயாளியின் உலர்ந்த அம்மைப் பொருக்கைப் பொடித்துக் குழந்தையின் மூக்கினுள் ஊதுவர்; அல்லது நீரில் நனைத்துப் பஞ்சில் தோய்த்து மூக்கில் வைப்பர். சிறிதளவு நோய் கண்டு குழந்தை தேறிவிடும். பின்னர்ப் பெருநோய் அணுகாது. இடர் இல்லாத முறையன்று. சில குழந்தைகள் இதனாலேயே இறந்ததும் உண்டு. ஆயினும் தானே வரும் அம்மையை நோக்க இறப்பு மிகக் குறைவு. இளமையில் அம்மை கண்டு பிழைத்த காங்சி பேரரசர் தம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனைச் செய்வித்தார். 1742-இல் அரசு வெளியிட்ட பெரிய மருத்துவத் தொகைநூல் இதற்கு நான்கு முறைகளை எடுத்துரைக்கிறது.

வியப்பு யாதெனில், அம்மை பற்றி அவர்கள் கொண்டிருந்த கொள்கை தவறானது. தாயின் கருவிலேயே குழந்தை பெற்ற நஞ்சு பின்னர் வெளிப்படுவதே அம்மை என்று பெரும்பாலோர் கருதினர். கொள்கை பிழை, செயல் பயன் தந்தது. வூ யூசிங்கிடத்திலோ கொள்கை உண்மையை நெருங்கியது; மருந்து பின்தங்கியது. ஒரு நாட்டு மருத்துவத்தை ‘முழுதும் மெய்’ என்றோ ‘முழுதும் பொய்’ என்றோ ஒரே சொல்லால் தீர்ப்போர் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் வேண்டும்.

மூக்கும் வாயும்

வூ யூசிங்குக்குப் பின்வந்தோர் அவர் விட்ட இடத்திலிருந்து நடந்தனரா? சூசோவில் புகழ்பெற்ற யே தியென்ஷி, வெப்பநோய் உடலினுள் நான்கு நிலைகளாக ஆழ்ந்து செல்வதை நுட்பமாக வகுத்தார். வூ சூதோங் 1798-இல் முடித்த தம் நூலில் உடலை மூன்று பகுதியாக்கி மருத்துவம் கூறினார். நோயின் போக்கைக் கண்டு சொல்லுவதில் இவ்விருவரும் வல்லவர். கடும்பேதிக்கு மாறாகக் குளிர்ச்சி தரும் பூக்களையும் காய்களையும் கையாண்டனர். ஆயினும் காரணம் கூறுமிடத்து மீண்டும் பருவத்தையே கொண்டுவந்து சேர்த்தனர். மாடும் ஆடும் பற்றிய கேள்வி உறங்கிப்போயிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வாந்திபேதி பற்றி எழுதிய வாங் ஷிசியோங், ஷாங்காய் நகரின் அழுக்கு நீரைக் கண்டித்து, நீர்க்கால்களைத் தூய்மை செய்யவும் கிணறு வெட்டவும் வற்புறுத்தினார். மருந்தைக் கடந்து தடுப்பை நாடிய அத்தகையோர் சிலரே.

மூக்கும் வாயும் நோயின் வாயில்கள் என்று 1642-இல் எழுதியாயிற்று. அவ்வாயில்களை மூட வேண்டும் என்பது அடுத்த படியன்றோ? வூ யூசிங்கின் நாட்டம் புகுந்த நோயை வெளியேற்றுவதிலேயே நின்றது. அந்த அடுத்த படி எடுத்து வைக்கப்பெற 268 ஆண்டுகள் ஆயின. வைத்தவர் நம் பினாங்கில் பிறந்தவர் என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்ல வேண்டாவா?

1879-இல் பினாங்கில் பிறந்து, அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியென் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரை அடைந்தார். அங்கே நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. பிணத்தை அறுத்துப் பார்த்துக் கிருமியைக் கண்டார். இந்நோய் எலியாலன்றி மூச்சால் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தாவுகிறது என்று தெளிந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு முகக்கவசம் செய்து யாவரும் அணியவேண்டும் என்றார். அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாளில் அந்நோயாலேயே இறந்தார். முகத்தை மூடாமல் நாடி பிடித்த மரபு மருத்துவர் பலரும் மாண்டனர். நூல் மறுத்தவர் மேலைநாட்டவர், நூல் நம்பியவர் கீழைநாட்டவர் என்ற வேறுபாட்டை அந்நோய் பார்க்கவில்லை. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டபின், 1911-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நோய் அடங்கிற்று. தனிப்படுத்தல், போக்குவரத்துத் தடை, பிணங்களை எரித்தல், முகக்கவசம் ஆகிய இவையே அடக்கின, கியாழம் அன்று. (வூ யூசிங், வூ லியென் தே இருவர் குடிப்பெயரும் நம் எழுத்தில் ஒன்றாகத் தோன்றினும் சீன எழுத்தில் வெவ்வேறாம்.)

புகழ்ச்சியும் இகழ்ச்சியும்

இனித் தொடக்கத்திற் கூறிய இரு கருத்துகளையும் எடைபோடலாம். வூ யூசிங் கிருமியைக் கண்டாரா? காணவில்லை. அவர் கூறிய கொடுவளி உயிருள்ளது என்றோ பெருகுவது என்றோ அவர் கூறவில்லை. உருப்பெருக்கி அவர் கையில் இல்லை. ‘ஒவ்வொரு நோய்க்கும் தனிக் காரணம், அது மூக்கு, வாய் வழிப் புகும்’ என்று அவர் எண்ணியதே பெரிது. அவர் சொல்லாததை அவர் வாயில் இட்டு உயர்த்துவது அவர் சொன்னதைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இகழ்ச்சியும் ஒரு காலத்தில் அரசவை ஏறிற்று. 1929-இல் நான்கிங் அரசின் சுகாதாரக் குழுவில், பழைய மருத்துவத்தையே ஒழிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை யூ யான் என்னும் மருத்துவர் கொண்டுவந்தார். கொள்ளைநோயைத் தடுக்க அதனால் இயலாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு மார்ச் 17-இல் மரபு மருத்துவர் ஷாங்காயில் திரண்டு எதிர்த்தனர். தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. யூ யான் கூறிய காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் முழுதும் ஒழித்திருந்தால் இழந்திருக்கக்கூடிய ஒன்று பின்னர் வெளிப்பட்டது.

நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பார் எழுதிய கைந்நூல் ஒன்றில், முறைக்காய்ச்சலுக்குப் பல மருந்துகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ‘சிங்ஹாவ்’ என்னும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அச்சாற்றைக் குடித்தல். 1967-இல் சீன அரசு தொடங்கிய மலேரியா ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய தூ யூயூ அம்மையார், அவ்வரியை நின்று படித்தார். ஏனைய மருந்துகளைப்போல் கொதிக்க வைக்கச் சொல்லாமல் பிழியச் சொன்னது ஏன் என்று கேட்டார். வெப்பம் அதன் ஆற்றலைக் கெடுக்கலாம் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் அதன் சத்தைப் பிரித்தார். 1971 அக்டோபரில் அச்சத்து விலங்குச் சோதனையில் மலேரியாக் கிருமியை முழுதும் அழித்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற காய்ச்சலுக்கு இன்று உலகம் முதலில் நாடும் மருந்துகள் அதனை அடிப்படையாகக் கொண்டவை.

இதனைக் கேட்டவுடன் ‘பார்த்தீர்களா, பழைய நூலில் எல்லாம் இருக்கிறது’ என்று முழங்குவார் உளர். பழைய நூலில் இருந்தது பல வரிகள். அவற்றுள் எது மெய் என்பதை நூல் சொல்லவில்லை, சோதனை சொல்லிற்று. மூலிகையை வீட்டில் கொதிக்க வைத்துக் குடிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் இன்றும் ஏற்கவில்லை. 2020-இல் கொரோனா பரவியபொழுது, பழைய நூல்களின் கியாழங்களைக் கூட்டிச் செய்த மருந்துகளைச் சீனா பெருமளவில் வழங்கிற்று; அவற்றின் பயன் பற்றி மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்க்க வல்லது பற்றன்று, எண்ணிப் பார்க்கும் சோதனையே. தமிழ்நாட்டில் அவ்வாண்டு வழங்கப்பெற்ற கபசுரக் குடிநீருக்கும் இதுவே அளவுகோல்.

அன்று கூறாத விடை

ஆசிரியப் பெருமக்களே! முன்னோர் நூலைப் போற்றுவது நம் தொழில். அதனைச் செய்யாவிட்டால் நமக்குப் பெயரே இல்லை. ஆனால் போற்றுதல் என்பது நூல் கூறாததைக் கூறியதாக ஏற்றிக் கூறுதல் அன்று. சாங் சோங்சிங் தம் காலத்து நோயைக் கண்டு எழுதினார். அவரைப் போற்றியவர் அவர் நூலை மட்டும் கண்டனர். வூ யூசிங் மீண்டும் நோயைக் கண்டார். முன்னோரைப் பின்பற்றியவர் இவர்களுள் யார்? நூலை மறுத்த வூ யூசிங்கே என்பேன்.

நூலோடு வந்த அப்பெற்றோருக்கு இன்று விடை கூறுவதாயின் இவ்வாறு கூறுவேன்: “ஐயா, நூலைப் பத்திரமாக வையுங்கள், அதில் நம்மவர் நெடுநாள் கண்ட உண்மைகள் இருக்கும். ஆனால் அதனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நோயை நீ கண்டதுண்டா? நீ சொல்லும் மருந்தை எவரேனும் எண்ணிப் பார்த்துச் சோதித்ததுண்டா? இரண்டிற்கும் விடை கிடைக்கும்வரை, சோதித்துக் கண்ட ஊசியைப் பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள்.”